சலவைக்குப் போன புத்தகங்கள்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று. தங்கை கண்ணை மூடியபிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் படித்து நல்ல வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் பேருந்துப் பலகை வாசிப்பேன், அதுவும் பேருந்து நின்றால்தான். அப்படிப்பட்ட நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பெருமைதான்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் என் பேத்தி ஜெனி. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வாங்கப் போகிறார்களாம். என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அதில் நூலகமும் ஒன்று. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள், "எல்லாந்தான் போன்லயே இருக்கே, இந்த ரூம் எதுக்கு?" என்று சிரித்தார்களாம். "ஆச்சி, நீ பாத்தத சொல்லு. எழுதிக்கிட்டுப் போயி எங்க ஆளுகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்றாள். ஆகையால் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

நான் முதலில் அந்த ஆஸ்பத்திரியின் சலவை அறையில் இருந்தேன். பத்து வருடம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கை ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் வந்தது. வெடித்த கையோடு துணி தொடக்கூடாது என்று மேட்ரனம்மா சொல்லி, தூசி துடைக்கிற வேலைக்கு என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு துணியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நூலகர் பெயர் நெல்லையப்பன் சார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, காலர் வைக்காத சட்டை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் இரண்டு தடவை துடைப்பார். பெரிய டாக்டர்களே அந்தக் கண்ணாடி கழல்வதைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

வெளியே போய்த் திரும்பி வந்த எந்தப் புத்தகத்தையும் சார் முதலில் மோந்து பார்ப்பார்.

"இது ஆப்ரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கு, ஸ்பிரிட் வாடை அடிக்கி. இது பிள்ளப்பேறு வார்டு. இது..." என்று நிறுத்தி, எதிரே நிற்கும் டாக்டரை ஏறிட்டுப் பார்ப்பார். "இது கேன்டீனுக்குப் போயிருக்கு டாக்டர். உளுந்த வட."

எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவதுதான் அவருக்குப் பெரிய பாவம். அடுத்த பாவம், நடு அலமாரியில் இருக்கும் கனத்த புத்தகங்கள் அறையை விட்டு வெளியே போவது. அவற்றை அங்கேயே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும் என்பது சட்டம்.

மத்தியானம் சார் டவுனுக்குப் போய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒரு மணிக்குப் போனால் மூன்று மணி ஆகும். அந்த நேரத்தில் வார்டுகளிலிருந்து ஆள் வந்து புத்தகம் கேட்பார்கள். கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எனக்கு எழுத வராது. யாரையும் திருப்பி அனுப்பவும் மனம் வராது. என்ன செய்வது என்று யோசித்தபோது சலவை அறையின் வழி ஞாபகம் வந்தது.

சலவையில் எந்தத் துணி எந்த வார்டு என்று தெரிய, மூலையில் நிற நாடா வைத்துத் தைத்திருப்போம். பிள்ளைகள் வார்டுக்கு நீலம். பிரசவ வார்டுக்குப் பச்சை. தியேட்டருக்குக் கறுப்பு. அவசரப் பிரிவுக்கு மஞ்சள். நான் அந்த நாடாக்களை வாங்கிவந்து கத்தையாக ஆணியில் தொங்கவிட்டேன். புத்தகம் எந்த வார்டுக்குப் போகிறதோ, அந்த நிற நாடாவை அது இருந்த இடத்தில் தொங்கவிடுவேன். புத்தகம் திரும்பி வந்ததும், நகத்தளவு துண்டு வெட்டி, கஞ்சிப் பசை தடவி, பின் அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். சார் மோந்து பார்ப்பார், நான் அட்டையைத் திறந்து பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகும்.

சார் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "கனியம்மா, இது என்ன, புத்தகத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிய?"

"எனக்கு இதுதான் சார் எழுத்து."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இனி ஒரு பேத்தை மீன் கதைக்கு வருகிறேன். பேத்தை என்றால், தொட்டால் பந்துபோல உப்பிக்கொள்ளும் விஷ மீன்.

அவசரப் பிரிவில் ஃபாத்திமா டாக்டர் என்று ஒரு பிள்ளை. மேலப்பாளையத்துக்காரி. அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்தது. ஒரு நாள் ஒன்றரை மணி வாக்கில் ஓடிவந்தது. நான் அந்தப் பிள்ளை ஓடிப் பார்த்ததே இல்லை.

"கனியம்மா, விஷம் சம்பந்தமான பெரிய புத்தகம் ஒண்ணு இருக்குல்லா, எடுங்க! பேத்தை மீன் தின்ன ஆளு வந்திருக்கு. இங்கன யாரும் இதுக்கு முன்ன பாத்ததில்ல."

அது நடு அலமாரிப் புத்தகம். பச்சை அட்டை, முதுகில் நாற்பத்தொன்று என்ற எண், தூக்கினால் ஆட்டுக்கல் கனம். சாவி என்னிடம் இருந்தது, அனுமதிதான் இல்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றேன். பிறகு கதவைத் திறந்து, மஞ்சள் நாடாவைத் தொங்கவிட்டு, புத்தகத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"எங்கிட்ட தாங்க."

"தனியா அனுப்ப முடியாது டாக்டர். நானும் கூட வாரேன். நடங்க."

ஆள் வள்ளியூர்க்காரர். பெயர் செல்வராஜ். உவரியில் மாமியார் வீட்டுக்குத் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். கட்டுமரக்காரர்கள் வலையிலிருந்து பேத்தையைப் பிடுங்கி மணலில் எறிந்ததைப் பார்த்து, 'நல்ல மீனை வீணாக்குகிறார்களே' என்று எடுத்துப்போய், யாருக்கும் சொல்லாமல் சினையோடு பொரித்துத் தின்றிருக்கிறார். கடற்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைகூட அந்த மீனைத் தொடாது. உள்ளூர் மருமகன் செய்யாத வேலையை வெளியூர் மருமகன் செய்துவிட்டார்.

உதடு மரத்து, நாக்குக் குழறி, இரண்டு பேர் தாங்க நடந்துதான் வந்திருக்கிறார். வந்த கொஞ்ச நேரத்தில் கை விழுந்தது, கால் விழுந்தது, மூச்சும் நின்றுவிட்டது. தொண்டையில் குழாய் இறக்கி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சுக் கொடுக்கிற எந்திரம் ஆஸ்பத்திரிக்கு ஒன்றுதான். அது வேறொரு நோயாளியிடம் இருந்தது.

ஃபாத்திமா டாக்டருக்கு ஒரு கை நாடியில், ஒரு கை கண் இமையில். நான் தலைமாட்டில் நின்று புத்தகத்தை நெஞ்சோடு சாய்த்து விரித்துப் பிடித்தேன். டாக்டர் என் நெஞ்சில் இருந்ததை வாசித்தது. அந்த ஆளின் கண்மணி அகல விரிந்து, விளக்கு அடித்தாலும் சுருங்காமல் நின்றது.

பை அமுக்கிய மூத்த நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், ஆளு போயிட்டாரு போலத் தெரியுதே."

"அடுத்த பக்கம், கனியம்மா."

புத்தகத்தின் கனத்தை ஒரு கைக்கு மாற்றினேன். ஒரு விரலை நாக்கில் தொட்டுத் திருப்பினேன். சார் பார்த்திருந்தால் ஐந்து தடவை துடைத்திருப்பார்.

"யா அல்லா," என்றது டாக்டர். "இருக்கு, இங்கன இருக்கு. ஆளு அசைய மாட்டாரு. கண்மணிகூட அசையாது. செத்த மாதிரியே இருப்பாரு. ஆனா நாம பேசுதது அம்புட்டும் அவருக்குக் கேக்கலாம். மாத்து மருந்து கெடையாது. காத்து மட்டும் விடாம கொடுத்தா, வெஷம் தானா எறங்கிரும்."

நர்ஸ் ஒரு கணம் தயங்கினார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "புத்தகத்துல இருக்குல்லா! அமுக்குங்க சிஸ்டர்!" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

வெளியே மாமியார் அந்தோணியம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, "அழாதீங்கம்மா, அவருக்குக் காது கேக்கும், காதுல ஏதாவது பேசுங்க" என்றது. அந்த அம்மாள் குனிந்தார்.

"எய்யா மருமவனே, நீ சோம்பேறிதான்யா. வீட்டுல ஒரு வேல செய்ய மாட்ட. ஆனா என் மவள ஒரு நாளு கைநீட்டுனதில்லய்யா. எந்திரிச்சு வந்துருய்யா. இனிமே உன்னச் சோம்பேறின்னு சொல்லவே மாட்டேன். நீ கட்டில்லயே கெட, நான் கஞ்சி கொண்டாந்து தாரேன்."

டாக்டர், நர்ஸ், படிக்க வந்த பிள்ளைகள் என்று முறை போட்டுக்கொண்டு அமுக்கினார்கள். என் கையிலும் கால்மணி நேரம் அந்தப் பை இருந்தது. துணி பிழிந்த கை, பிடி விடாது. மறுநாள் காலை நான் வேலைக்கு வரும்போதும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குக் கட்டைவிரல் அசைந்தது. மத்தியானம் கண் சிமிட்டினார். அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள்.

குரல் கரகரவென்று வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? "அத்த, கஞ்சி கொண்டாந்து தாரேன்னு சொன்னியள்லா?"

அந்தோணியம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏ சண்டாளா, அதுக்குள்ள கேட்டுட்டியா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். அந்த ஆள் பிறகு, "அமுக்குங்கன்னு ஒரு அம்மா கத்துனாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டாராம். டாக்டர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது. இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

புத்தகம் திரும்பியதும் சார் மோந்தார். "டிஞ்சரு, வேர்வ." அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூலையில் என் விரல் கறை. "எச்சித் தொட்டியளா?"

"ஆமா சார்."

கண்ணாடி கழன்றது. ஒரு தடவை, இரண்டு தடவை துடைத்தார். பிறகு சொன்னார்: "இனிமே போவும்போது ஒரு சின்னக் கிண்ணத்துல தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க."

புத்தகம் இனி வெளியே போகலாம் என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

ஒன்றரை வருடம் கழித்து ஆய்வுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மேல்படிப்புப் படிக்கலாம் என்ற அங்கீகாரம் வாங்க வேண்டும். வார்டு, தியேட்டர், பரிசோதனைக்கூடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், நூலகத்தையும் பார்ப்பார்கள். நூலகம் சரியில்லை என்று எழுதிவிட்டால் அங்கீகாரம் கிடையாது. நிர்வாக அதிகாரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை தேறலைன்னா நூலகத்தை எடுத்துட்டு மருந்து மூட்டை வைக்கிற கிட்டங்கி ஆக்கிருவோம்." அப்படி ஆனால் சார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குப் பழையபடி சோடாத் தண்ணீர்.

அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பிய புதுப் புத்தகங்கள் பெட்டியில் கிடந்தன. பளபளவென்று அட்டை. அவற்றை முன்னால் அடுக்கச் சொன்னார். அழுக்கும் கறையும் நாடாத் துண்டுமாக இருந்த எங்கள் புத்தகங்களைக் கண்ணில் படாமல் ஒளிக்கச் சொன்னார். பதிவேட்டில் எல்லா டாக்டர்களையும் ஒரே நாளில் உட்காரவைத்து, ஆறு மாதத்துக்குக் கையெழுத்து வாங்கினார். சார் இரண்டு நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒளிக்கிற வேலை எனக்கு வந்தது. நான் இரண்டு பழைய விரிப்பில் புத்தகங்களை மூட்டை கட்டி, பின்கட்டில் துணி வைக்கும் இடத்தில் வைத்தேன். பத்து வருடம் சலவையில் இருந்தவள், விரிப்பின் மூலையில் மஞ்சள் நாடா இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் குழு வந்தது. இரண்டு பேர். ஒருவர் வார்டு பார்க்கப் போய்விட்டார். நூலகத்துக்கு வந்தது தலைமை, ஒரு நரைத்த டாக்டரம்மா. நூல் புடவை, காலில் சாதாரணச் செருப்பு. தமிழ் தெரியாது, ஃபாத்திமா டாக்டர்தான் சொல்லிச் சொல்லிக் காட்டியது. அந்த அம்மாள் ஒரு புதுப் புத்தகத்தை எடுத்துத் திறந்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்து படக்கென்று பிரிந்தன. இன்னொன்று, அதுவும் படக். மூன்றாவதும் படக். பதிவேட்டைப் பார்த்தார். ஆறு மாதக் கையெழுத்தும் ஒரே நீல மை.

மெதுவாக ஏதோ கேட்டார். ஃபாத்திமா டாக்டரின் முகம் வாடிவிட்டது. "இந்த ரூமினால பொழைச்ச ஒரே ஒரு நோயாளியைக் காட்டுங்கன்னு கேக்குறாங்க" என்றது.

அதிகாரி புத்தக எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி தரையைப் பார்த்து நின்றார். சொன்னால் ஒளித்தது வெளிப்படும். சொல்லாவிட்டால் அறை போய்விடும்.

"சார்," என்றேன். "மூட்டைய அவுத்துரட்டா?"

அதிகாரி என்னை எரிப்பதுபோலப் பார்த்தார். சார் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டினார். "அவுருங்க கனியம்மா. ஒளிச்சு வச்சது தப்புன்னு நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். சொல்லவும் செய்தார், அந்த அம்மாளிடம், நேராக நின்று.

பின்கட்டுக்கு ஓடினேன். மூட்டை இரண்டும் இல்லை. தரையில் இழுத்துப்போன தடம்தான் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் நாடா! அவசரப் பிரிவின் அழுக்குத் துணி என்று சலவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பின்னால் ஃபாத்திமா டாக்டர், அதற்குப் பின்னால் அந்த நரைத்த அம்மாள், சார், அதிகாரி என்று ஊர்வலம்போல வந்தார்கள். சலவை அறையில், முன்பு என்னோடு வேலை பார்த்த புஷ்பம் மூட்டையைத் தொட்டி விளிம்பில் ஏற்றி முடிச்சில் கை வைத்திருந்தாள்.

"ஏளா, தொடாத! அத விட்டுரு!"

"என்ன மதினி, கல்ல கட்டி வச்சிருக்கிய? இடுப்பே போச்சு எனக்கு. இது என்ன அசிங்கமோன்னு தண்ணிக்குள்ள தள்ளப் பாத்தேன்."

"தள்ளியிருந்தா ஒன்னையும் சேத்துத் தள்ளியிருப்பேன். எறக்கு பைய."

அங்கேயே, ஈரத் தரைக்குப் பக்கத்தில், வெளுத்த துணிக் குவியல்மேல் மூட்டையைப் பிரித்தேன். நரைத்த அம்மாள் கவிழ்த்து வைத்த ஒரு கூடையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றாகப் பின் அட்டையைத் திறந்தார். நீலம், பச்சை, கறுப்பு, மஞ்சள். இது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன், டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது. பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து, மீன் பக்கத்தைத் திறந்து, என் விரல் கறையைக் காட்டி, செல்வராஜ் கதையை முழுக்கச் சொன்னது. மாமியார் பேச்சையும் விடவில்லை. அந்த அம்மாள் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னைச் சோதித்தார். பிள்ளைகள் வார்டில் அதிகம் கேட்கும் புத்தகம் எது? எடுத்துக் கொடுத்தேன். பிரசவத்துக்கு? கொடுத்தேன். வாசிக்கத் தெரியாமல் எப்படி என்றார். "அட்டை நெறம், கனம், முதுகுல எண்ணு. ஆளத் தெரியுத மாதிரிதான்" என்றேன்.

புகழ்ந்துவிட்டு மட்டும் அவர் போகவில்லை. மருந்து அளவு சொல்லும் புத்தகம் ஒன்றைத் தனியே எடுத்துவைத்தார். "இது ரொம்பப் பழசு. மருந்து மாறிப்போச்சு. அவசரத்துல இதப் பாத்துக் கொடுத்தா ஆபத்து" என்று டாக்டர் மூலம் சொன்னார். நாடாவில் வார்டு தெரிகிறது, தேதி தெரியவில்லை என்றார். மூன்று மணிவரை நூலகர் இல்லையென்றால் யார் திறப்பார் என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். சார் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கீகாரம் கிடைத்துவிட்டது. சார் நின்றுகொண்டே வாசித்தார். நூலகத்தைப் பற்றி இரண்டே வரி. 'புத்தகங்கள் நோயாளியின் தலைமாடு வரை சென்று வருவதை நேரில் கண்டோம். பழைய பதிப்புகளை நீக்கி, தேதி குறித்து, ஒரு சாவியை அவசரப் பிரிவில் வைக்க வேண்டும்.' எனக்குத் தமிழில் சொன்னார். திரும்பச் சொல்லுங்கள் என்றேன், சொன்னார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. அவராகவே வாசித்துக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தார். "தேதின்னா எண்ணுதானே கனியம்மா. அது ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான்." சாயங்காலம் பிள்ளைகள் வார்டிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. நீல நாடாத் துண்டை ஒட்டி, பக்கத்தில் நாள், மாதம், வருடம் எழுதினேன். கோணல்தான். சார் புத்தகத்தை வாங்கினார். அன்றைக்கு மட்டும் மோந்து பார்க்கவில்லை. அந்த எண்களைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார்.

போதும் ஜெனி, பேனாவ மூடு. இப்ப மொதல்ல இருந்து வாசிட்டி, பைய வாசி. நான் சொல்லாதது ஏதாவது சேத்திருந்தா எனக்குத் தெரிஞ்சுரும். அந்தக் கடுதாசி வார எடத்த மட்டும், ரெண்டு தடவ வாசி.